புரட்டாசி விரால்

புரட்டாசி பிறந்துவிட்டால் முனிகிருஷ்ணன் தூண்டிலைக் கூரை எரவாணத்தில் செருகிவிட வேண்டும். பெண்டாட்டி கங்கம்மாள் பெருமாளுக்கு விரதம். கவுச்சி வாசனை வாசலைத் தாண்டக் கூடாது. மற்ற பதினொரு மாசமும் ஆரணியாற்று மடுவில் விரால் பிடிக்க அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். சொல்லாவிட்டால் அவனே சொல்லிவிடுவான்.

ஆனால் புதுத்தண்ணி வந்து விரால் கரையோரம் மேய்வதும் அதே புரட்டாசியில்தான். விரதமில்லாத பாக்கியநாதனுக்கு அது கொண்டாட்டம். கும்முடிப்பூண்டி ஆணிக் கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். சோற்று நேரத்தில் பாக்கியநாதன் தூக்குச் சட்டியைத் திறந்தால், அவன் பெண்டாட்டி சாராள் வைத்த மீன்குழம்பு மெஷின் எண்ணெய் நாற்றத்தையே அடக்கிவிடும். முனிகிருஷ்ணன் கத்தரிக்காயை ஓரம் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

எழுபத்தெட்டாம் வருசம் ஒருநாள் மேஸ்திரி துலுக்காணம் கேட்டுவிட்டார்: "இன்னா முனிகிருஷ்ணா, மடு கைமாறிப் போச்சு போலக் கீதே?"

அந்த ஒரு சொல் நாலு நாள் தூங்கவிடவில்லை. மீன் தின்ன ஆசையில்லை அவனுக்கு, சத்தியமாக இல்லை. தன் மடுவில் இன்னொருத்தன் பேர் வாங்குவதுதான் வயிற்றில் எரிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை. மத்தியானம்தான் ஷிப்ட். கங்கம்மாள் அவன் நெற்றியில் நாமம் போட்டு, கையில் சொம்பைக் கொடுத்தாள். "நாலு ஊட்டுல கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிக்கினு வாய்யா, தளிகை போடணும்."

மூன்று வீட்டில் வாங்கினான். நாலாவது வீடு ஆற்றுப் பக்கம். கால் தானாக இறங்கியது. மடியில் தூண்டில் நரம்பும் முள்ளும் எப்படி வந்தன என்று கேட்டால் தெரியாது என்பான். நொச்சிக் கழி ஒன்றை ஒடித்து, குட்டித் தவளையைக் கோத்து, ஆகாயத்தாமரை இடுக்கில் தத்தவிட்டான்.

நாலே இழுப்பு. விரால் கரையில் வந்து புரண்டது. தொடை கனம். அப்படி ஒன்றை அவன் பிடித்ததே இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. நாமத்தோடு இதை எப்படி ஊருக்குள் தூக்கிப்போவது? தண்ணியில் விடவும் கை வரவில்லை. முழித்துக்கொண்டிருக்கும்போதே தூண்டிலும் கையுமாகப் பாக்கியநாதன் வந்து நின்றான்.

"இன்னாண்ணா, பெருமாளு குடுத்த பிரசாதமா?"

"வாயை மூட்றா. இத்த நீ எடுத்துக்கினு போ. நான் புட்ச்சேன்னு மூச்சு வுட்ட, அவ்ளோதான்."

"நான் ஏண்ணா சொல்லப் போறேன்?"

பாக்கியநாதன் செவுளில் கயிறு கோத்துத் தோளில் தொங்கவிட்டுத் தெரு வழியாகப் போனான். வால் அவன் இடுப்பில் அடித்தது. கங்கம்மாளே வாசலுக்கு வந்து பார்த்தாள். "நீகூட இம்மாம் பெருசு புட்ச்சதில்லையேய்யா!" என்றாள். முனிகிருஷ்ணன் அரிசிச் சொம்பை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான்.

சாயங்காலம் டீ நேரத்தில் கம்பெனியிலும் அதே பேச்சு. எல்லாரும் கேட்கக் கேட்கப் பாக்கியநாதனுக்கும் குஷி ஏறிவிட்டது.

"அரை மணி நேரம் மேஸ்திரி! ஆளையே உள்ள இழுத்துக்கினு பூட்ச்சு."

"அரை மணியா? நாலு இழுப்புடா!" முனிகிருஷ்ணன் கத்திவிட்டான்.

"நீ எங்கய்யா பாத்தே?" என்றார் துலுக்காணம்.

அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. "நான்தான்யா அத்தப் புட்ச்சேன்!"

கிளாஸ் டீ சிந்துகிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். "நாமத்தைப் போட்டுக்கினு இன்னா பேச்சு பேசறான் பாரு!" என்றான் ஒருத்தன்.

"சொல்லேண்டா பாக்கியம்!" என்றான் முனிகிருஷ்ணன்.

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா மேஸ்திரி. அண்ணன்தான் புட்ச்சாரு. கர்த்தர் மேல ஆணையா."

துலுக்காணம் எழுந்து வந்து பாக்கியநாதன் முதுகில் தட்டினார். "மனுசன்னா இவன்டா! வவுத்தெரிச்சல் புடிச்சவனுக்குக்கூட வுட்டுக் குடுக்கறான் பாரு."