அப்பா குறைத்த ஆம்பியர்

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு என் அப்பா சீனிச்சாமிதான் போர்மேன். காலையில் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிச்சம் கிடந்தால் ராத்திரியில் தானே பற்றிக்கொள்ளும் என்பதால், அதை வைத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் மீறாத விதி அது.

பிரபாகரன் அண்ணன் வாடகைக்கு ஓட்ட மின்சாரக் கார் வாங்கியதும் அந்த விதி விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

வாசல் சுவரில் சார்ஜர் பெட்டி. அதிலுள்ள பட்டனை அமுக்க அமுக்க ஆறு, பத்து, பதினாறு என்று ஆம்பியர் மாறும். அண்ணன் பதினாறில் போட்டுவிட்டுச் சாப்பிட வருவான். அவன் உட்கார்ந்ததும் அப்பா வெளியே போய்க் கேபிளைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். காரில் செருகியிருக்கும் கேபிள் முனையை, அண்ணன் ‘கன்’ என்று சொல்வதை, கழற்றி, ஆறுக்குக் குறைத்து, மறுபடி செருகுவார். அவர் கணக்குப்படி, பேட்டரி முழுதாக நிறைந்து ராத்திரியில் வாசலில் நிற்கக் கூடாது. விடியும்போது பாதிதான் ஏறியிருக்கும். கரண்டு சரியில்லை என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். உள்ளூர் சவாரிக்குப் பாதி போதும்.

அப்போதுதான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி, மதுரை விமான நிலையத்திலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை அழைத்துவர அண்ணனிடம் சொன்னது. சரியாக ஓட்டினால் சீசன் முடியும் வரை வண்டி அவர்களுக்குத்தான். திரும்பும் வழியில் திருமங்கலத்தில் சார்ஜ் தீர்ந்தது. அங்கே சார்ஜ் போடும் இடத்தில் வரிசை. வந்தவர்கள் காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம், அதுவும் இப்படி என்றால் வேறு வண்டி என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிட வரவில்லை. சார்ஜர் பக்கத்திலேயே மறைந்து நின்று, ஆம்பியரைக் குறைக்க வந்த அப்பாவைப் பிடித்துவிட்டான்.

“நீங்கதானா? கரண்டு ஆபீசுக்கு எம்புட்டுத் தடவ போன் போட்டேன்.”

“நெறய நெறய வச்சிட்டு உள்ள உறங்கச் சொல்றியாலே?”

“அது மருந்து இல்லப்பா. பேட்டரி.”

“தீப்பிடிக்கிற வரைக்கும் எல்லாம் பேட்டரிதான்.”

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி பாண்டிச்செல்வி தலை நிமிராமல் கேட்டாள். “கம்பெனியில பாதி மருந்த மிச்சம் வச்சா விட்டுருவீகளா மாமா?”

“பாதி என்ன, ஒரு கைப்பிடி கெடந்தாலும் விடமாட்டேன்.”

“அப்ப இங்கன தெனமும் பாதி நிக்குதே.”

அப்பா கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினாறுல போட்டா, அண்ணன் விடியக்காலம் கெளம்புறப்பத்தான் நெறயும். நெறஞ்சதும் வண்டி போயிரும்ப்பா” என்றேன்.

“இவளுக்கு வாய் இருக்கா?” என்றான் அண்ணன்.

அப்பா சிரிக்கவில்லை. “நெறஞ்சு நிக்காதுல்ல?”

“நிக்காது” என்றேன்.

வியாழக்கிழமை கார் கிட்டத்தட்டக் காலியாக வீடு வந்தது. மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டில் கை வைப்பதுபோல, அப்பா முதலில் சார்ஜருக்காகத் தரையில் பதித்திருந்த எர்த் குழாயில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அவரே பட்டனை அமுக்கிப் பதினாறுக்குக் கொண்டுவந்தார்.

காலையில் நாங்கள் எழுந்தபோது கன் கழற்றி மாட்டியிருந்தது. வாசல் கேட்டும் திறந்திருந்தது. அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டு நின்றான்.

“நெறஞ்சிருச்சு. இன்னும் என்னலே டீ?” என்றார் அப்பா. “எடு வண்டிய.”