உறை போட்ட கார்

…திடீர்னு வந்துடுச்சாம், எது திடீர், எட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டு வாசலில் சைக்கிளை இறக்கினால் அது திடீரா, இவன் கண் மண் தெரியாமல் பைக்கை முறுக்கிக்கொண்டு வந்தது மட்டும் என்னவாம், என்று அம்சவள்ளி பல்லைக் கடித்தாள். எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் காலையில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. கேஸு மட்டும் வேணாம் வள்ளி, எம்மவன் கலையரசன் போலீஸ் வேலைக்கு எழுதிக்கினு இருக்கான், கார் பின்னாலேர்ந்து புள்ள திடீர்னு வந்துடுச்சின்றான்… போலீஸாம் போலீஸ், முதலில் அவனைப் பிடித்து உள்ளே போடட்டும். மணிமொழி மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், தெருவில் எந்த பைக் உறுமினாலும் தூக்கத்திலேயே உடம்பு தூக்கிப்போடுகிறது. கச்சிராயபாளையம் ரோட்டில் கரும்பு டிராக்டர் மறித்துக்கொண்டால் போதும், அத்தனை பைக்கும் இந்தத் தெருவுக்குள்தான் நுழையும், கேட்க நாதி கிடையாது, நேற்று டமார் என்ற சத்தத்துக்கு அடுப்பை அப்படியே விட்டு ஓடி வந்தால் பிள்ளை சைக்கிளுக்கு அடியில் கிடக்கிறது, அவன் தூக்கக் குனிகிறான், தொடாதடா என்று கத்தினாளே, அப்போது அவன் அழுதுகொண்டா இருந்தான்? அழட்டும், நன்றாக அழட்டும்.

உள்ளே புருஷன் தனசேகரன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ஸ்டேஷன்ல கேட்டா, வாசல்ல நின்னு பாத்துகினு இருந்தன்னு சொல்லிடு வள்ளி, மீதிய நான் பாத்துக்கறன். அடுப்படியில் இல்லையா இருந்தேன்… இருந்தால் என்ன, அவன் வேகமாக வந்தது பொய்யா? போவதற்குள் சைக்கிள் பெல்லையாவது தேடிவிடலாம், விழித்ததிலிருந்து பிள்ளை அதைத்தான் கேட்டது. கேட்டை ஒட்டித் தெருவில் உறை போட்டு நிறுத்தியிருந்த காரின் பக்கத்தில் குந்தினாள். முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லின் ஓரம் பெல் நசுங்கிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தான் பாவி என்று தெருமுனைப் பக்கம் திரும்பினாள். தெருமுனை தெரியவில்லை. தெருவே தெரியவில்லை. சாம்பல் நிற உறைதான் கண்ணை அடைத்துக்கொண்டு நின்றது. மணிமொழி இந்த உயரம்தானே… அவளுக்கு அவன் தெரிந்திருக்க மாட்டான், அவனுக்கு இவள்? கார் விடக் கட்டின போர்டிகோவுக்கு ஷட்டர் போட்டு ஜெராக்ஸ் கடைக்கு விடலாம் என்று சொன்னது யார், நான்தானே. ஒங்க கேட்ட மறைச்சிகினு நிக்குதே, கொஞ்சம் தள்ளி நிறுத்தக் கூடாதா வள்ளி, என்று கொளஞ்சியம்மாள் போன பொங்கலுக்கே கேட்டாள். எங்க வூட்டு முன்னாலதானக்கா நிக்குது, ஒங்களுக்கு இன்னா, என்று வெடுக்கென்று சொன்ன வாய் இந்த வாய்தான். அதற்காக அவன் பறந்து வரலாமா? வரக்கூடாது. வரக்கூடாதுதான்…

தனசேகரன் வந்து உறையை உருவி, முட்டுக் கல்லைக் காலால் தள்ளினான். இன்னாத்த தேடிகினு கிடக்கற, ஏறு. இன்னாங்க, இந்தக் காரு இங்க நின்னதாலதான்… என்று ஆரம்பித்தாள், வண்டி உறுமியதில் அது அவன் காதில் விழவில்லை. கார் நகர்ந்து எதிர்வீட்டைத் தாண்டிப் போய் நின்றது. தெருமுனை வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது, எதிரே கதவைப் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்து நிற்கும் கொளஞ்சியம்மாளும் தெரிந்தாள். தனசேகரன் ஹாரன் அடித்தான். உள்ளே மணிமொழி அலறி எழுந்து அம்மா என்றாள். அம்சவள்ளிக்கு ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை, நசுங்கிய பெல்லைக் கையில் இறுக்கிக்கொண்டு, அதை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், கார் நின்றிருந்த இடத்திலேயே நின்றாள்.