பெல்லிங் வீட்டு ஓட்டுகள்

மூன்றாவது கரண்டி இறைச்சிச் சாற்றை விழுங்கிவிட்டு, ஹொரேஷியோ பெல்லிங் தன் மகளிடம் ஓட்டுக் கேட்டார்.

"நம்ம காட்ஃப்ரிக்குப் போட்டுடு லவீ. நல்ல பையன். ஜெயிச்சா பீர்க் கடை மேல கை வைக்க மாட்டான்."

"வாயைத் தொறங்கப்பா."

"பதில் சொன்னாத்தான் தொறப்பேன்."

லவினியா கரண்டியை நீட்டியபடியே காத்திருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு அப்பாவின் பிடிவாதம் புதிதா என்ன? பேச்சு மிச்சமிருந்ததால் அவரே வாயைத் திறந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் வந்து, இதயம் ஓய்ந்துவிட்டது, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நாளைக்குத் தேர்தலாச்சே" என்றார் பெல்லிங். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நியூசிலாந்தின் தென் தீவில் அந்தத் துறைமுகத்துக்கு அவர் வந்து இறங்கியபோது கையில் ஒரு கோடாலிதான் இருந்தது. மரம் வெட்டினார், மரம் விற்றார், அந்தப் பணத்தில் பீர் ஆலை வைத்தார், பீரை வைத்து அரசியல் செய்தார். வாக்காளர்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பெயரை உரக்கச் சொல்லி ஓட்டுப் போட்ட அந்தக் காலத்தில், பெல்லிங் பெயரைச் சொன்னவருக்கு ஒரு குவளை பீர் உண்டு. தாகம் அடங்காமல் இரண்டாம் முறை போய்ச் சொன்னவர்களும் உண்டு. இரண்டு தடவை மேயர், பதினெட்டு வருஷம் பாராளுமன்றம். ஊரின் பாலமும் கப்பல்துறையும் அவர் சண்டை போட்டு வாங்கி வந்தவை.

பெண்களுக்கு ஓட்டுரிமை என்ற பேச்சு சபையில் வந்தபோதெல்லாம் எழுந்து நின்று மணிக்கணக்கில் எதிர்த்தவரும் அவர்தான். பெண்மையின் மென்மை, இல்லறத்தின் புனிதம் என்று ஏதேதோ சொல்வார். பெண்கள் கைக்கு ஓட்டு வந்தால் முதல் வேலையாக மதுக்கடைகளை இழுத்து மூடுவார்கள் என்ற பயம்தான் நிஜக் காரணம். அதே காலத்தில் அவருடைய மகள் வீடு வீடாகப் போய் ஓட்டுரிமை மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி இருவரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். ஒரு நாளும் அந்த மேஜை அமைதியாக இருந்ததில்லை. கடைசியில் மகள் கட்சி ஜெயித்தது. செப்டம்பரில் சட்டம் வந்தது. இன்று நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை, பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போடும் நாள்.

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் வாசல் பக்கத்து ஜன்னல் திரைகள் எல்லாம் உடனே இறங்கிவிடும். அடக்கம் முடியும்வரை அந்த வீட்டுப் பெண்கள் கேட்டைத் தாண்டக்கூடாது. அப்பா இப்போதே போய்விட்டால் லவினியாவின் ஓட்டும் போனது மாதிரிதான். இனி மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அவள் கிளம்பிப் போய், அந்த நேரத்தில் அப்பா போய்விட்டால்? விடிந்ததிலிருந்து அவள் மனம் இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்து அல்லாடியது. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து இதை யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

"ஏன் இன்னும் உட்கார்ந்திருக்க? கிளம்பு" என்றார் பெல்லிங்.

"உங்களை விட்டுட்டு எப்படிப்பா?"

"சமையல்கட்டுல ஹன்னா இருக்கா இல்ல? பதினெட்டு வருஷம் கத்தி ஜெயிக்க முடியாததை நான் செத்து ஜெயிச்சேன்னு ஊர் பேசணுமா? அப்படி ஜெயிக்க எனக்குப் பிடிக்காது."

"நான் யாருக்குப் போடுவேன்னு தெரிஞ்சுதான் அனுப்புறீங்களா?"

"யாருக்கு?"

"ரகசிய வாக்கெடுப்பு. சொல்லக்கூடாது."

"அந்த மசோதாவுக்குக் கை தூக்கினவனே நான்தான்" என்று முனகினார் பெல்லிங். "மடையன்."

அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போனாள்.

தெரு திருவிழாக் கோலத்தில் இருந்தது. ஊரில் இத்தனை பெண்கள் இருந்தார்களா என்று ஆண்கள் வாய் பிளந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த உடுப்புகளெல்லாம் செவ்வாய்க்கிழமையே வெளியே வந்துவிட்டன. கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு ஒருத்தி உள்ளே போக, குழந்தையும் புருஷனும் சேர்ந்து முழித்தார்கள். மதுக்கடை வாசலில் வழக்கமாகக் கூச்சல் போடும் கூட்டம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள்போல் ஒதுங்கி நின்றது.

"ஐயா எப்படியிருக்கார், மிஸ் பெல்லிங்?" என்று கேட்டார் கசாப்புக் கடைக்காரர்.

"ஓட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கார்."

வரிசை முழுக்கச் சிரித்தது. உள்ளே ஒரு சீட்டும் பென்சிலும் கொடுத்தார்கள். வேண்டாதவர் பெயரை அடித்துவிட வேண்டும். லவினியா காட்ஃப்ரியின் பெயரை அடித்தாள். போதாது என்று தோன்றியதால் இன்னொரு முறையும் அடித்தாள். அப்பாவின் முகம் போகிற போக்கை நினைத்ததும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

மேடேறி வந்து வீட்டைப் பார்த்தபோது திரைகள் எல்லாம் மேலேயே இருந்தன. ஜன்னல் கண்ணாடிகளில் வெயில் பளிச்சென்று அடித்தது. பாவாடையை லேசாகத் தூக்கிக்கொண்டு படிகளில் இரண்டிரண்டாகத் தாவினாள்.

"அப்பா, உங்க காட்ஃப்ரியோட பேரை..."

நாற்காலியில் இருந்த ஹன்னா எழுந்து நின்றாள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பெல்லிங்கின் கைகளை நெஞ்சின் மேல் ஒழுங்காக வைத்திருந்தாள்.

"எப்போ?"

"நீங்க கேட்டைச் சாத்தின சத்தம் கேட்டுது. அப்புறம் கொஞ்ச நேரம்தான்."

"திரையை இறக்கலையே."

"ஐயாதான் சொன்னார். 'அவ வர்றவரைக்கும் அதுல கை வைக்காதே. திரை இறங்கினா சேதி அவளுக்கு முன்னாடி ஓடிடும், பாதி வழியில திரும்பி வந்துடுவா'ன்னார்." ஹன்னா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் காட்ஃப்ரிக்குப் போடுன்னு என்கிட்டயும் கேட்டார். யோசிக்கிறேன் ஐயான்னேன். 'பொம்பளைங்க எல்லாம் யோசிக்க ஆரம்பிச்சுட்டீங்களா, போச்சு'ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள..."

லவினியா கட்டிலருகே மண்டியிட்டு அழுதாள். நன்றாகவே அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அவள் தடுக்கவில்லை.

ஹன்னா ஜன்னலுக்குப் போய்த் திரைக் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"ஹன்னா, நீ இன்னும் ஓட்டுப் போடலையே?"

"நான் எங்கேம்மா போறது? ஐயாவைத் தனியா விட்டுட்டா?"

"உன் பேரைப் பதிஞ்சோமே."

"பதிஞ்சோம். பரவாயில்லம்மா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"கயிறை விடு. போயிட்டு வா."

"இங்க எவ்வளவு வேலை கிடக்கு. பாதிரியாருக்குச் சொல்லணும், சவப்பெட்டிக்காரனுக்குச் சொல்லணும்..."

"அதெல்லாம் அப்புறம். நீ வந்த பிறகு இறக்கிக்கலாம்."

"வழியில யாராவது ஐயா எப்படியிருக்கார்னு கேட்டா? எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

"அமைதியா இருக்கார்னு சொல்லு."

ஹன்னா கட்டிலைப் பார்த்தாள். இடுப்பில் முன்பக்கமாகக் கட்டியிருந்த சமையல் துணியை மெல்ல அவிழ்த்து நாற்காலியின் முதுகில் போட்டாள். கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

லவினியா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாசல் கேட் வரைக்கும் ஹன்னா துக்க வீட்டுக்காரிக்கு ஏற்றபடி தலைகுனிந்து நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓட ஆரம்பித்தாள்.