இரண்டு கையும்

ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டும் அந்தத் தொழிற்சாலையில், சத்தம் போட்டுக் கூப்பிட்டால் பக்கத்து ஸ்டூலுக்கே கேட்காது. அங்கே கைதான் பேசும். ஒரு கையைத் தூக்கினால் பாத்ரூம் போக வேண்டும் என்று அர்த்தம். ரிலீவர் வந்து அந்த ஸ்டூலில் உட்காருவாள். அதற்குப் பிறகுதான் போகலாம். இரண்டு கையையும் தூக்கினால் ஒயர்கள் ஓடிவரும் லைன் நிற்க வேண்டும். விரல் மாட்டிக்கொண்டால், தப்பான ஒயர் வந்துகொண்டே இருந்தால், அப்போது மட்டும். காரணமில்லாமல் இரண்டு கையையும் தூக்கிய யாரும் அடுத்த வாரம் அங்கே வேலையில் இருந்ததில்லை.

மண்ணூரிலிருந்து வரும் சரோஜா தூக்குவது எப்போதும் ஒரு கைதான். ஆனால் அடிக்கடி தூக்குவாள். ஷிஃப்டில் தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகியதில், நீர்க்கடுப்பு வந்து உடம்போடு தங்கிவிட்டது. அவள் கை மேலே போனதும் லைன் லீடர் ராஜசேகர் தன் மேசையிலிருந்தபடியே உதட்டை அசைப்பான்: "மறுபடியுமா?" சத்தம் கேட்காது. ஆனால் லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

பக்கத்து ஸ்டூல் ஃபெபியுடையது. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண், இருபத்திரண்டு வயது. வேலைக்கு வந்த புதிதில் டேப் சுற்றத் தெரியாமல் அவள் முன்னால் ஒயர்கள் குவிந்தன. அப்போது சரோஜா தன் வேலையைச் செய்துகொண்டே இடது கையை நீட்டி அவள் வேலையையும் செய்தாள். லீடர் பார்க்காத பக்கமாக.

அந்த லைனின் ரிலீவர் கல்யாணமாகிப் போய்விட்டாள். இடம் காலி. ரிலீவருக்கென்று ஸ்டூல் கிடையாது. லைன் நெடுக நடந்துகொண்டிருக்கலாம். யாரையும் கேட்காமல், யாருக்கும் கை காட்டாமல், பாத்ரூம் போகலாம்.

"எனக்கு மட்டும் அது கெட்ச்சுதுன்னு வையி," என்று சாப்பாட்டு நேரத்தில் சரோஜா ஃபெபியிடம் சொல்வாள், "மொத நாளே ஒரு பாட்டில் தண்ணிய ஃபுல்லா குடிப்பேன்டி. எல்லார் எதிர்லயும் நின்னுகினு."

வருடாந்திர டூர் அன்று காலை பஸ்ஸில் ராஜசேகர் மைக்கைப் பிடித்தான்.

"ரிலீவர் யாரு, ரிலீவர் யாருன்னு கேட்டு என் உயிர எட்த்துகினு கீறீங்க. இன்னிக்கே முடிச்சிர்லாம். அந்தப் பார்க்குல கருநாகம்னு ஒரு ரோலர் கோஸ்டர் கீது. எவ அதுல தைரியமா போய்ட்டு வராளோ, அவதான் ரிலீவர். பயந்தாங்கொள்ளி எனக்கு வாணாம்."

பஸ் சிரித்தது. ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை. போன வருடம் கேரம் போர்டில் தோற்றவளை நைட் ஷிஃப்டுக்குப் போடுவேன் என்று இதே மாதிரி விளையாட்டாகச் சொன்னான். போட்டான்.

"சரோஜாக்கா, நீ லிஃப்ட்டுல ஏறுனாலே கண்ண மூடிக்குவியே," என்றான் பாபு. லைனுக்கு ஒயர் பெட்டிகளைத் தள்ளு வண்டியில் கொண்டுவந்து கொடுப்பவன்.

"நீ வண்டி தள்ற லட்சணத்த தெனம் பக்கத்துல குந்தினு பாக்கறேன். அதுக்கே பயப்படல, போடா!"

எல்லோரும் கைதட்டினார்கள். சரோஜா முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது ஃபெபிக்கு மட்டும் தெரிந்தது. பார்க்கில் புடவையோடு எதிலும் ஏற விடமாட்டார்கள் என்று முன்பே யாரோ சொல்லியிருந்ததால், தன் மகளுடைய வெளிர் பச்சைச் சுடிதாரைப் போட்டு வந்திருந்தாள். அது தோளில் பிடித்தது.

அதுவரை ஃபெபிக்கு ரோலர் கோஸ்டர் மேல் ஓர் ஆசையும் இருந்ததில்லை. அவளுக்கு அது தூரத்தில் தெரியும் ஒரு கோணல் கம்பி, அவ்வளவுதான். சரோஜா கெஞ்சியதால்தான் வரிசையில் நின்றாள்.

"நீ பக்கத்துல குந்திக்கோ. என் கைய புட்ச்சுக்கோ. வுட்றாத, இன்னா?"

"வுடமாட்டேன்க்கா."

கடைசி வரிசை கிடைத்தது. மடியின் மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. சங்கிலி டக் டக்கென்று இழுக்க, ரயில் வானத்தைப் பார்த்து ஏறத் தொடங்கியது. இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஃபெபி யோசித்தாள். லைன் ஓடும் சத்தம் அது. ஏற ஏறக் கீழே இருந்தவர்கள் பொட்டுப் பொட்டாக ஆனார்கள். தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில் ஏரிகள், யாரோ கைதவறிக் கீழே போட்ட கண்ணாடித் துண்டுகள் மாதிரி.

"ஃபெபி, நிறுத்தச் சொல்லுடி."

"யார்கிட்டக்கா சொல்றது?"

"யாராச்சும் இருப்பாங்கடி. நிறுத்தச் சொல்லு."

உச்சியில் ரயில் ஒரு நொடி தயங்கியது. சரோஜா ஃபெபியின் கையை உதறிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். உள்ளங்கை விரிய, முழங்கை மடங்காமல், லைனில் சொல்லிக் கொடுத்திருந்த அதே விதமாக. தூக்கியபடியே லீடரைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

லைன் நிற்கவில்லை. ரயில் விழுந்தது.

விழும்போது ஃபெபியின் உடம்புக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி உண்டானது. அவ்வளவுதான் நடந்தது. வயிறு எங்கோ மேலே நின்றுவிட, மற்றதெல்லாம் கீழே போனது. பிறந்ததிலிருந்து அவளை எங்கேயாவது உட்காரவைத்துக்கொண்டே இருந்தார்கள்: பள்ளி பெஞ்சில், சர்ச்சில் அம்மாவுக்குப் பக்கத்தில், கம்பெனி பஸ்ஸில், ஸ்டூலில். இப்போது அவள் எதன் மேலும் இல்லை. அந்தரம் என்ற சொல் தானாக வந்தது. எத்தனையோ தடவை காதில் விழுந்த சொல். அதற்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பக்கத்தில் சரோஜா அலறுவது கேட்டது. அது சந்தோஷ அலறல் இல்லை என்பதும் ஃபெபிக்குத் தெரிந்தது. கையை நீட்டிப் பிடித்திருக்கலாம். நீட்டவில்லை. அந்த அலறல் இல்லாவிட்டால் இந்தச் சுகத்தில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும் என்று தோன்றியது.

இறங்கியதும் வெளியே ஒரு திரையில் எல்லோருடைய படமும் வந்தது. விழப்போகிற கணத்தில் கேமரா எடுத்தது. கம்பியைக் கட்டிக்கொண்டவர்கள், கண்ணை இறுக்கியவர்கள், பக்கத்து ஆளின் தோளில் முகம் புதைத்தவர்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, கண்ணை அகலத் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு. ஃபெபியின் முகம் அவளுடைய முழங்கைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது.

"யக்கா!" ராஜசேகர் கைதட்டினான். "நீ இன்னா இப்டி! நா கூட கம்பிய வுடலயே. ரிலீவர் கெட்ச்சாச்சுப்பா!"

சரோஜா சுவரோரமாக நின்று ஃபெபியின் துப்பட்டாவை வாங்கி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். வெளிர் பச்சையில் ஈரக் கறை சட்டென்று தெரியும்.

"நிறுத்தச் சொல்லித்தான்டி தூக்கனேன்," என்று காதோடு சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாத. உன் கால்ல வுழறேன்."

"ச்சீ, நான் யார்கிட்டக்கா சொல்லப்போறேன்?"

நிஜமாகவே சொல்ல நினைக்கவில்லை. சரோஜாவை நிழலில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பவும் வரிசையில் போய் நின்றாள். அதற்குப் பிறகும் நின்றாள். ஒவ்வொரு முறையும் கடைசி வரிசைக்காகக் காத்திருந்து ஏறினாள். யாரும் அவளைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. எல்லோரும் சரோஜாவைச் சுற்றி நின்று அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ராஜசேகர் மைக்கை சரோஜாவிடம் நீட்டினான். "எப்டி கீது, நாலு வார்த்த சொல்லுக்கா."

சரோஜா எழுந்தாள். அந்த இடம் இனி தனக்குத்தான் என்ற தெம்பு முகத்தில் வந்திருந்தது. "சூப்பரா கீது சார். அப்டியே வவுறு மேல நின்னுக்கும் பாரு, நம்ம எதுமேலயும் இல்லாத மாரி... இன்னொரு தபா போலாம்னு கீது."

ஃபெபி நிமிர்ந்தாள். அவளே சொன்ன வார்த்தைகள் அவை. மத்தியானம் புளிசாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல், சரோஜாவிடம் மட்டும் சொன்னவை. வாழ்க்கையில் முதன்முதலாக அவளுக்கே அவளுக்கென்று கிடைத்த ஒன்றை, அதைக் கண்டு மூத்திரம் போனவள் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் விசிலடித்தது.

"சார்," என்றாள் ஃபெபி. குரல் அவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "அக்கா லைன் ஸ்டாப் காட்டினாங்க சார்."

"இன்னாது?"

"மேல போய் நின்னதும் பயந்துட்டாங்க. லைன நிறுத்துறதுக்குத்தான் ரெண்டு கையும் தூக்கினாங்க. அந்தத் துப்பட்டாவ அவுக்கச் சொல்லுங்க, தெரியும்."

ஒரு நொடி பஸ்ஸே அந்தரத்தில் நின்றது. பிறகு பாபு எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, கண்ணை உருட்டினான். "லீடர் சார்! கருநாகத்த நிறுத்து சார்! எனக்கு அர்ஜென்ட்டு சார்!" பின் இருக்கையிலிருந்து முன் இருக்கை வரை கைகள் மேலே போயின. ராஜசேகர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "லைன் ஸ்டாப்பா! யக்கோவ், அது உன் மாமனார் வூட்டு ரயிலா?"

சரோஜா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஃபெபியைப் பார்க்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிலீவர் வேலை ஃபெபிக்குக் கிடைத்தது. "நீதான் திரும்பத் திரும்பப் போனியாமே? உனக்குத்தான் நெஞ்சழுத்தம்," என்றான் ராஜசேகர்.

வார லீவுகளில் ஃபெபி தனியாக அந்தப் பார்க்குக்குப் போகத் தொடங்கினாள். ஜெபக் கூட்டம் என்று வீட்டில் சொன்னாள். போனில் உலகத்து ரோலர் கோஸ்டர்களையெல்லாம் பார்த்தாள்: கடலை ஒட்டி ஓடுவது, மரத்தால் கட்டியது, செங்குத்தாக மண்ணுக்குள் விழுவது. அவற்றில் ஏறுவதற்காகவே ஊர் ஊராகப் போகிற மனிதர்கள் இருந்தார்கள். முகம் தெரியாத அந்தக் கூட்டம்தான் தன் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கருநாகம் அவளுக்குப் பழகிவிட்டது. எந்த வளைவுக்குப் பிறகு எந்த இறக்கம் என்று உடம்பு முன்கூட்டியே சொல்லத் தொடங்கியது. தெரிந்துபோன இறக்கத்தில் அந்தரம் இல்லை. சும்மா விழுவதுதான் இருந்தது.

அது திரும்பக் கிடைத்தது லைனில்தான்.

ஒருநாள் லைனின் மறுகோடியில் யாருக்கோ உதவிக்கொண்டிருந்தபோது சரோஜாவின் கை மேலே போவதைப் பார்த்தாள். போக முடியவில்லை. அந்தக் கை மெல்ல நடுங்கத் தொடங்கியது. அடக்கிப் பிடித்து வைத்திருப்பவள் எந்த நொடியும் விட்டுவிடுவாள் என்று தெரிந்தபோது, ஃபெபியின் வயிறு மேலே போய் நின்றது. உச்சியில் ரயில் தயங்குகிற அதே நொடி. ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சரோஜா முகம் பார்க்காமல் ஓடினாள். மறுமுறை ஃபெபிக்கு எந்த வேலையும் இல்லை. இருந்தும் நின்று பார்த்தாள். அதற்கு மறுமுறை இன்னும் சற்று.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஃபெபி அந்தக் கையைப் பார்த்தாள். சரோஜா ஒரு கையால் டேப் சுற்றினாள். மற்றக் கை மேலேயே இருந்தது. முகம் வெளிறியது. உதட்டைக் கடித்தாள். திரும்பி ஃபெபியை நேராகப் பார்த்தாள். பஸ்ஸுக்குப் பிறகு முதல் தடவையாக. ஃபெபி நகரவில்லை. இன்னும் கொஞ்சம், என்று நினைத்தாள். இன்னும் ஒரே கொஞ்சம்.

சரோஜாவின் இரண்டாவது கையும் மேலே போனது.

முதலில் பார்த்தது பாபு. வண்டியை விட்டுவிட்டு அவனும் இரண்டு கையையும் தூக்கினான். "கருநாகம்டோய்!" அது லைனின் இரைச்சலில் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. டேப்பைக் கீழே வைத்து வைத்து ஒவ்வொருத்தியாகக் கை தூக்கினார்கள். வரிசை முழுக்க விரிந்த உள்ளங்கைகள். ராஜசேகர் சிவப்பு பட்டனுக்கு நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு சிரித்தான். லைன் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சரோஜாவின் கைகளும் இறங்கின. அவள் முகத்திலிருந்த இறுக்கம் போய்விட்டது. எல்லாம் முடிந்துபோனவர்களின் அமைதி வந்திருந்தது. ஸ்டூலின் காலோரம் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

ஃபெபி இப்போதுதான் அருகே போனாள். "போய்ட்டு வாக்கா."

சரோஜா எழுந்தாள். யூனிஃபார்ம் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்ததை அவள் மறைக்கவில்லை. ஸ்டூலைக் கையால் காட்டினாள்.

"குந்து."

ஃபெபி ஸ்டூலைப் பார்த்தாள். நடுவில் குழிந்த பிளாஸ்டிக். குழியில் அது தேங்கி, மேலே எரிந்த டியூப் லைட் அதில் அசைந்தது.

"தொடச்சிட்டு..."

"ரிலீவர் குந்தனாதான் நான் போவணும். ரூல்ஸ் தெரியாதா உனக்கு?" சரோஜா அவள் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஒயர் வர்து பாரு. குந்துடி."

ஒயர்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்று குவிந்தது. அதன் மேல் இன்னொன்று. மேசையிலிருந்து ராஜசேகர் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது: "இன்னா?" லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஃபெபி உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. துணி வழியாக மெல்ல ஏறியது. அவளுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் இப்போது ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை.

சரோஜா பாத்ரூம் பக்கம் போகவில்லை. தண்ணீர் மெஷினுக்குப் போய், பாட்டிலை நிரப்பி, எல்லோர் எதிரிலும் நின்றுகொண்டு அண்ணாந்து குடிக்கத் தொடங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை ஃபெபி டேப் சுற்றியபடியே பார்த்தாள். முழுதாகக் குடித்து முடித்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சரோஜா அந்தப் பாட்டிலை மறுபடியும் நிரப்பினாள்.