பீரங்கியை விழுங்கிய சம்பந்தி

கடிகாரக்காரர் பீரங்கியை விழுங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பிக்கு முன்னால். வெறும் வயிறு என்பதால் அது வழியில் யாரையும் விசாரிக்காமல் நேரே உள்ளே போய்விட்டது.

முழுப் பீரங்கி என்று யாரும் மிரள வேண்டாம். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, கடிகாரச் சாமான் கடையும் குட்டி லேத்தில் தன் மாதிரி டாங்கிக்காக அவரே கடைந்த பித்தளைக் குழாய். பாதித் தீக்குச்சி நீளம். இரண்டு கையும் வேலையாக இருந்தால் சின்னச் சாமானை உதட்டில் இடுக்கிக்கொள்வது அவர் பழக்கம். உதடுதான் அவருக்கு மூன்றாவது கை. அன்றைக்கு மூன்றாவது கை கொட்டாவி விட்டது.

"என்னங்க, ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்றாள் வீட்டம்மா, அறை வாசலில் நின்று.

"ஒண்ணுமில்ல. பீரங்கி உள்ள போயிடுச்சு."

"எதுக்குள்ள?"

அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். வீட்டம்மா அலறவில்லை. ஒருமுறை அவர் தும்மியதில் பறந்த டாங்கிச் சக்கரம் பக்கத்து வீட்டுக்காரரின் காதுக்குள் போய், அதை எடுத்த பிறகு அவருக்கு அதுவரை கேட்காத காது கேட்க ஆரம்பித்தது. அதையெல்லாம் பார்த்தவள் அவள்.

"பெருசா, சின்னதா?"

"சின்னது. பெருசு மேசை மேல இருக்கு."

"அந்த மட்டும் புத்தி இருந்துச்சே. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

அதுவரை வலிக்காத வயிறு, ஆஸ்பத்திரி என்றதும் வலித்தது. ஊரில் எக்ஸ்ரே அறை ஒன்றுதான். அதில் படம் எடுக்கிறவர் அவருடைய சம்பந்தி. சம்பந்தியோடு பேச்சு நின்று ஒரு மழைக்காலமே வந்து போய்விட்டது.

காரணம், ஒரு எலி.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் சோதனைக்காகச் செய்து பார்த்த டாங்கிகளில் மகா கனமானது அது. நூற்றெண்பது டன்னுக்கு மேல். தலையில் பெரிசும் சின்னதுமாக இரண்டு பீரங்கி. அதற்கு 'எலி' என்று பெயர் வைத்தார்கள். பாலம் எதுவும் தாங்காது என்பதால் ஆற்றுக்கு அடியில் முங்கி நடக்கட்டும் என்று ஏற்பாடு. கரையில் இன்னொரு எலி நின்று கம்பி வழியாக மின்சாரம் ஊட்ட வேண்டும். இது புளுகு இல்லை. புளுகுகிறவனுக்கு இவ்வளவு துணிச்சல் வராது. ஓடுகிற மாதிரி செய்து முடித்தது இரண்டே இரண்டு. கடிகாரக்காரருக்கு ஜெயித்த டாங்கிகளைக் கண்டால் ஆகாது. இப்படி உருப்படாமல் போனவைதான் அவர் மேசைக்கு வரும். "யாருக்கும் கெடுதல் செய்யத் தெரியாம போன ஜென்மங்க," என்பார்.

இதே பைத்தியம் ஊரில் எக்ஸ்ரேக்காரருக்கும் இருந்தது. மாதிரி டாங்கி செய்கிறவர்களின் சங்கத்தில் பழகி, ஒரே பசைக் குப்பியைப் பங்கு போட்டு, கடைசியில் இவர் பெண்ணை அவர் பையனுக்குக் கொடுத்துச் சம்பந்தியும் ஆனார்கள். கல்யாணத்தன்று இருவரும் மண்டபத்துக்குப் பின்னால் நின்று டாங்கிச் சங்கிலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால், குடும்பப் போட்டோவில் இரண்டு வீட்டு அப்பாக்களும் இல்லை.

எலியைச் சேர்ந்தே செய்தார்கள். கீழ் உடம்பு கடிகாரக்காரர். மேலே சுழலும் தலை எக்ஸ்ரேக்காரர். சங்கத்துக் கண்காட்சியில் ஜோடிப் பிரிவில் வைப்பதாகப் பெயரும் கொடுத்தாயிற்று. அப்புறம் நிறம் வந்தது.

கைக்குக் கிடைத்தது நிஜ எலியின் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் தலை கொஞ்சம் அழுத்தமான சாம்பலாகத் தெரிந்தது. அது செங்காவிப் பிரைமர், மேல்பூச்சு இன்னும் அடிக்கவில்லை என்றார் எக்ஸ்ரேக்காரர். மஞ்சள்தான், மேலே நிழல் விழுந்திருக்கிறது என்றார் கடிகாரக்காரர்.

"சம்பந்தி, சாம்பல்லயே நூறு தினுசு பார்த்தவன் நான்."

"அதான் சொல்றேன். பொழுது விடிஞ்சா எலும்பையே பார்க்கிறவருக்கு நிறத்தப் பத்தி என்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தியது என்று தெரிந்தது. எக்ஸ்ரேக்காரர் தலையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாங்கியின் தலையை.

கடிகாரக்காரர் வீம்புக்கு வேறு தலை செய்யத் தொடங்கினார். அதற்குக் கடைந்ததுதான் இப்போது உள்ளே இருக்கிற பீரங்கி. செய்யச் செய்ய ஒன்று விளங்கியது: தலை செய்துவிடலாம், 'இந்த மூடி சரியா உக்காந்திருக்கா, பாருங்க' என்று கேட்க ஓர் ஆளைச் செய்ய முடியாது. ஒருநாள் மகளிடம் காட்டினார். "அழகா இருக்குப்பா. பஸ்ஸா?" என்றாள். அன்று முழுக்க அவர் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று அவருக்கே தெரியாது. கண்காட்சி இந்த ஞாயிற்றுக்கிழமை. அது போனாலும் போகட்டும்; அந்த மனுஷனும் இல்லாமல் போய்விட்டால் மிச்சக் காலத்துக்கு பஸ்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன முழுங்கினீங்க?" என்றார்.

"பீரங்கி."

டாக்டரம்மா வீட்டம்மாவைப் பார்த்தார். "சின்னதுதான்," என்றாள் வீட்டம்மா.

எக்ஸ்ரே அறையில் சம்பந்தி ஜாடையாலேயே சட்டையைக் கழற்றச் சொன்னார். ஜாடையாலேயே பலகையில் நிறுத்தினார். தடுப்புக்குப் பின்னால் போனார்.

"மூச்ச இழுங்க."

மழைக்காலத்துக்குப் பிறகு சம்பந்தியின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. கடிகாரக்காரர் மூச்சை இழுக்காமல் வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, அன்னிக்கு நான்..."

"பேசக் கூடாது. மூச்சப் பிடிங்க. அசையாதீங்க."

பிடித்தார். மூச்சும் மன்னிப்பும் ஒன்றாக நெஞ்சுக்குள் நின்றன. யந்திரம் ஒருதரம் முனகியது.

"இப்ப விடலாம்."

மூச்சு மட்டும் வெளியே வந்தது.

திரையில் படம் விழுந்தது. சாம்பல் மூட்டத்துக்கு நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் குச்சி. எக்ஸ்ரேக்காரர் பார்த்தார். பிறகு திரையில் மூக்கு முட்டுகிற வரை குனிந்தார்.

"நிஜத்துல எழுபத்தஞ்சு மில்லிமீட்டர் வாய் உள்ளதா?"

"ஆமா. பெரிய பீரங்கிக்குப் பக்கத்துல இருக்கிற சின்னது."

"உள்ள துளை போட்டிருக்கீங்க."

"முழு நீளத்துக்கும்."

"நட்ட நடுவுல போயிருக்கு." அந்தக் குரலில் பொறாமை இருந்தது. கடிகாரக்காரர் வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்த பொறாமை. "வாய் ஓரம்தான் கொஞ்சம் தடிமன்."

"படத்துல அப்படித் தெரியுது."

"படத்தப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். பழைய பள்ளம் அதே இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

கடிகாரக்காரர் சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டியபடி சொன்னார்: "நான் சொன்னது தப்பு, சம்பந்தி. நிறத்தப் பத்திச் சொன்னத விடுங்க. உங்க வேலையப் பத்திச் சொன்னது தப்பு."

எக்ஸ்ரேக்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது என்ன, பித்தளையா?"

"பித்தளை."

"நீங்க சொன்னாத்தான் தெரியுது. வெறும் படத்தக் காட்டிக் கேட்டா, இரும்பா பித்தளையான்னு என்னால சொல்ல முடியாது. ஏதோ உலோகம்பேன். அதுக்கு மேல வாயத் தொறந்தா அது ஜோசியம்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் போட்டோவுக்கும் அவ்வளவுதான் சொல்லியிருக்கணும்."

வீட்டம்மா கதவைத் தள்ளினாள். "அது எப்ப வெளிய வரும்னு யாராவது சொல்வீங்களா?"

"தானா வந்துடும், சம்பந்தியம்மா. முனை மழுங்கல். டாக்டரம்மாவும் அதத்தான் சொல்வாங்க. ஆனா எலிக்கு அது வேண்டாம். புதுசு கடையட்டும்."

"நல்லாக் கழுவிட்டா..." என்று இழுத்தார் கடிகாரக்காரர்.

"சம்பந்தி."

"சரி. புதுசு."

அன்று சாயங்காலமே கைக்குட்டை மூட்டை வந்து சேர்ந்தது. புதிதாகக் கடைந்த பீரங்கியோடு செங்காவித் தலை மஞ்சள் உடம்பின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"நான் மஞ்சள் அடிச்சிடறேன்," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"சும்மா இருங்க. நான் உடம்ப செங்காவி ஆக்கிடறேன்."

"விட்டுக்கொடுக்கிறதுலயும் நீங்கதான் முந்தணுமா?"

அடுத்த சண்டை மூளுகிற நேரம். எக்ஸ்ரேக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். "போர் முடிஞ்சப்போ ஒரு எலி வெடிச்சுப் போயிருந்துச்சு, தலைதான் மிச்சம். இன்னொண்ணுக்கு உடம்பு முழுசா இருந்துச்சு, சுடற தலை இல்ல. ஜெயிச்சவங்க அந்தத் தலையத் தூக்கி இந்த உடம்புல வெச்சாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தன நாள் சொல்லல?"

"பேசாத ஆள்கிட்ட எப்படிச் சொல்றது?"

எக்ஸ்ரேக்காரர் தூரிகையைத் திருப்பி எடுத்தார். மஞ்சளைத் தொடவில்லை, செங்காவியையும் தொடவில்லை. தலையைத் தூக்கியபோது கிரேன் சங்கிலி உரசியிருக்கக்கூடிய இடங்களில் மெல்லிய கீறல்கள் மட்டும் போட்டார். இரண்டு நிறமும் அப்படியே இருந்தன.

வியாழக்கிழமை பீரங்கி தானாக வெளியே வந்தது. வரவேற்பு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடுவராக வந்தவர் ஒரு பல் டாக்டர். குட்டிக் கண்ணாடியை எலியின் அடிவயிற்றுக்குக் கீழே நீட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"உடம்பு ஒரு நிறம், தலை ஒரு நிறம். ஏன்?"

"ரெண்டு எலி, சார். தலைய கிரேன்ல தூக்கி வெச்ச நாள் இது," என்றார் கடிகாரக்காரர். "மூணு சங்கிலி போட்டுத் தூக்கியிருப்பாங்க."

"நாலு," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"மூணு போதுமே."

"ஐம்பது டன் தலை, சம்பந்தி. உங்க கைக்கடிகாரமா?"

நடுவர் அடுத்த மேசைக்குப் போனார். அதற்கடுத்த மேசைக்கும் போனார். ஜோடிப் பிரிவில் மூன்றாம் பரிசு அறிவித்தபோது கை தட்டியது வீட்டம்மா மட்டும்தான். போய் வாங்கியதும் அவள்தான். கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, சம்பந்திகள் இருவரும் முழங்கால் போட்டு எலியின் உயரத்துக்குக் குனிந்து, நாலாவது சங்கிலியை எங்கே மாட்டியிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.