ராட்னி விற்க நினைத்த படகு

அந்தப் படகைக் கணவன் டெஸ் வாங்கக் கூடாது என்ற ஒரே முடிவோடுதான் லோரிஸ் வண்டியில் ஏறினாள். வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் அவன் தனியாகப் போயிருப்பான். போனால் வாங்காமல் திரும்பமாட்டான். படகைக் கண்டால் அவனுக்குக் கண்மண் தெரியாது. அதனால் கூடவே போய், மூலைமுடுக்கெல்லாம் துருவி, குற்றம் கண்டுபிடித்து, ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று திட்டம் போட்டிருந்தாள். மகள் கெர்ரியும் முந்தின நாள் போனில் அதையேதான் சொன்னாள். "நீ ஒருத்திதாம்மா அவரைத் தடுக்க முடியும்."

போன மழைக்காலத்தில் அலையாத்திக் காட்டுச் சேற்றில் நண்டுக்கூடை எடுக்க இறங்கியபோது டெஸ்ஸின் இடது காலை ஏதோ கிழித்துவிட்டது. சிராய்ப்புதானே என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தான். புண் சீழ் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் படுக்கையில் கிடந்த நாட்களில் லோரிஸ் அவனுடைய பழைய படகை டிரெய்லரோடு சேர்த்து, வந்த முதல் ஆளுக்கு விற்றுவிட்டாள். வீடு திரும்பியவன் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்தான். செயற்கைக் காலில் நடக்கப் பழகினான். நடை வந்த கையோடு விற்பனைக்கு வந்த படகுகளைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

ஹாலிஃபாக்ஸ் என்ற சிற்றூருக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. டெஸ்தான் ஓட்டினான்.

"படகு பாக்க வர்ற மூஞ்சியா இது? எழவு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு," என்றான்.

"நல்லாயிருந்தா நல்லாயிருக்கும்பேன். ஓட்டைன்னா ஓட்டைம்பேன்."

"நீ ஓட்டையத்தான் தேடுவ."

"தேடாம வாங்கினவன் நடு ஆத்துல தண்ணிய மொண்டு ஊத்திக்கிட்டு இருப்பான்."

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்தே மீன்பிடிக்கப் போனவர்கள். கெர்ரி பிறந்த பிறகுதான் லோரிஸ் கரையில் நின்றுவிட்டாள். படகைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ராட்னி பழைய அலுமினியப் படகுகளை வாங்கித் துடைத்துப் பளபளப்பாக்கி விற்பவன். அவன் வீட்டு முற்றத்தில் டிரெய்லர் மேல் நின்ற படகு பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தது. வெளியே புது நீலப் பூச்சு, உள்ளே சாம்பல் நிறக் கம்பளம்.

"வாங்க தலைவரே, வாங்க," என்று வந்தவனின் பார்வை டெஸ்ஸின் அரைக்கால் சட்டைக்குக் கீழே இறங்கி நின்றது. பிறகு லோரிஸ் பக்கம் திரும்பி, "வெயிலா இருக்கே, உங்க வீட்டுக்காரர் உக்கார நாற்காலி கொண்டாரவா?" என்றான்.

"எனக்குக் காது கேக்கும்," என்றான் டெஸ். "என்னையே கேளு."

ராட்னி அசடு வழியச் சிரித்தான். அதன் பிறகும் என்ன கேட்டாலும் அவன் லோரிஸைப் பார்த்தே பதில் சொன்னான்.

லோரிஸ் படகுக்குள் ஏறினாள். ஒவ்வொரு இருக்கையையும் பிடித்து ஆட்டினாள். குறுக்குச் சட்டங்கள் பக்கச் சுவரோடு சேரும் இடங்களை விரல் நகத்தால் தடவிக்கொண்டே போனாள். விரிசல் முதலில் அங்கேதான் விடும். பிறகு கம்பளத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, அது ஒட்டினது," என்றான் ராட்னி.

"திரும்ப ஒட்டிக்கலாம்."

அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. உப்புத்தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி அரித்த இடம். லோரிஸ் அதை டெஸ்ஸுக்குக் காட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஹோஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"உள்ள தண்ணி விட்டுப் பாக்கணும். உள்ள தேங்கினா கீழ ஒழுகுதான்னு தெரியும்."

"அதெல்லாம் நான் பாத்துட்டேன். பூச்சு வேற இன்னும் சரியாக் காயல. டிரெய்லர் டயருக்கும் பாரம் ஆகாது."

லோரிஸ் இறங்கிப் போய், சுவரோரம் சுருட்டிக் கிடந்த ரப்பர் குழாயை இழுத்து வந்தாள். தண்ணீர் வெளியேறும் துளையில் அடைப்பானை வைத்துத் திருகி, குழாயைத் திறந்துவிட்டாள். ராட்னி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

டெஸ் அதற்குள் பின்பக்கம் போயிருந்தான். எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்தினான். எஞ்சினோடு படகின் பின்சுவரே முன்னும் பின்னும் அசைந்தது. பையிலிருந்து திருப்புளியை எடுத்து, போல்ட்டுக்குப் பக்கத்தில் தெரிந்த, எஞ்சினைத் தாங்கும் மரப்பலகையில் குத்தினான். பால் ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல அது இறங்கியது.

"மரம் மொத்தமும் உளுத்துப்போச்சு," என்றான் அமைதியாக.

பிறகு அவன் தரையில் உட்கார்ந்து, மல்லாந்து படுத்து, கைகளால் உந்தி டிரெய்லருக்கு அடியில் நுழைந்தான். செயற்கைக் கால் சரளைக் கற்களில் தேய்ந்து கரகரத்தது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது. "லோரி, தகடு சேர்ற நடுத் தையல் முழுக்கச் சொட்டுது. பூச்சு கொப்புளம் கொப்புளமா வருது. அடியில மக்குப் பசை வெச்சு அடைச்சிருக்கான்."

ராட்னி தொண்டையைச் செருமினான். குரலைத் தாழ்த்தவில்லை. அடியில் கிடப்பவனுக்குக் கேட்கும் என்பதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"இதோ பாருங்கம்மா. மனசு விட்டுச் சொல்றேன். இந்தக் காலை வெச்சுக்கிட்டு இவர் எங்க போகப்போறாரு? ஆத்தோரமா கட்டிப்போட்டுத் தூண்டில் போட இது போதாதா?"

டிரெய்லருக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து லோரிஸ் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்ததும் அதே வார்த்தைகள்தான். இந்தக் காலோடு எங்கே போவாய், ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டால் ஆகாதா என்று திரும்பும் வழியில் சொல்வதாக இருந்தாள். வேறொருவன் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ராட்னி மேல் எவ்வளவு கோபமோ, அவ்வளவு தன் மேலும் வந்தது.

"எங்க போவாருன்னு நான் சொல்றேன், கேட்டுக்கோ," என்றாள். "ஹின்சின்புரூக் கடல்கால்வாய் முழுக்கப் போவாரு. காத்து அடங்கினா வெளித்தீவு வரைக்கும் போவாரு. நானும் கூடப் போவேன். உன் தகர டப்பா அதுக்குத் தாங்காது."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

"நான் பேச்சுக்குச் சொல்லல."

டெஸ் வெளியே வந்தான். சட்டை முதுகெல்லாம் ஈரம். ராட்னி நீட்டிய கையை அவன் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. டிரெய்லரின் மட்கார்டைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, தானாக எழுந்தான்.

"ஆத்தோரம் முதலையும்தான் படுத்துக் கெடக்கும்," என்றான். "அது வாய்க்கு நேராப் போய் முங்கற படகை என் தலையில கட்டப் பாத்தியே ராட்னி."

"வெலையக் கொறைச்சுக்கலாம் தலைவரே."

"சும்மா குடுத்தாலும் வேணாம்." லோரிஸ் குழாயை மூடினாள். "அடுத்து வர்றவன்கிட்ட இந்தப் பலகையையும் தையலையும் காட்டி வில்லு. காட்டலைன்னு தெரிஞ்சா, படகு இறக்கற துறையில நின்னு நானே ஊருக்கெல்லாம் சொல்வேன்."

வண்டி சாலையில் ஏறியது. டெஸ்தான் ஆரம்பித்தான்.

"நீயும் வர்றேன்னு எப்ப முடிவு பண்ணின?"

"அப்பதான்."

"அவனை மடக்கச் சொன்னியா, நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா நல்ல படகு வேணும். அது வரைக்கும் தேடுவோம்."

அவன் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையா என்னவென்று அவள் பார்க்கவில்லை.

தேடினார்கள். சிலதை டெஸ் ஒதுக்கினான், சிலதை லோரிஸ் ஒதுக்கினாள். கடைசியில் கார்ட்வெல்லில் எல்மா என்பவளின் படகைப் பார்க்கப் போனார்கள். பூச்சு என்பதே இல்லாமல், பக்கமெல்லாம் நசுங்கி, குப்பைத்தொட்டிபோல நின்றது அது.

"அழகுக்கு வாங்கறதுன்னா இப்பவே போயிடுங்க," என்றாள் எல்மா. "வலப்பக்கம் ஒரு இடத்துல வெல்டிங் வெச்சிருக்கு, நானே காட்டறேன். எஞ்சின் காலையில மொதல் இழுப்புக்குக் கெளம்பாது, திட்டினாத்தான் கெளம்பும்."

ஹோஸையும் அவளே கொண்டு வந்து போட்டாள். லோரிஸ் பழையபடி ஒவ்வொரு சட்டமாகத் தடவினாள், டெஸ் மறுபடியும் அடியில் புகுந்தான். பின்சுவரைக் குத்திப் பார்த்தால் திருப்புளி இறங்கவில்லை. நிரப்பிய தண்ணீர் அப்படியே நின்றது, அடியில் ஒரு சொட்டு விழவில்லை. குற்றம் கண்டுபிடிக்க லோரிஸ் அன்று பாடுபட்டதுபோல அதற்கு முன்பு பட்டதில்லை. ஒன்றும் கிடைக்காதபோது முதல்முறையாக அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்தப் படகை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை லூசிண்டா துறையில் இறக்கப் போனார்கள். கெர்ரி போனில் கத்தினாள். "அவரைத் தடுக்கத்தானேம்மா உன்னை அனுப்பினேன்?"

"போய்ப் பாத்தேன், மனசு மாறிட்டேன்," என்றாள் லோரிஸ். "ரெண்டு பேருக்கும் மிதவைச் சட்டை இருக்கு. சாயங்காலம் கூப்பிடறேன்."

துறையில் நாலைந்து பேர் டெஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாசி வழுக்கும் சரிவில் செயற்கைக் கால் பிடிப்பில்லாமல் நழுவ, அவன் முட்டியளவுத் தண்ணீரில் விழுந்தான். இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

"விடுங்க," என்றாள் லோரிஸ். "அவருக்குத் தெரியும்."

டெஸ் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு எழுந்தான். படகின் விளிம்பில் முதுகைக் கொடுத்து ஏறி உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கையால் தூக்கி உள்ளே போட்டான். பிறகு மற்றக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டான். எஞ்சின் மூன்று இழுப்புக்கும் கிளம்பவில்லை. நான்காவது முறை லோரிஸ் திட்டினாள், கிளம்பியது.

அன்று கொடுவா மீன் ஒன்றும் தூண்டிலைக் கடிக்கவில்லை. மறுநாளும் போனார்கள்.