இருபத்தைந்தாவது ஆட்டம்

லார்ன் பீட்ரிக்கு முப்பத்தாறு வயது. பதினெட்டு வருடங்களாகக் கால்பந்து ஆடித்தான் பிழைக்கிறான். ஆனால் அவன் பெயரைக் கேட்டு யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள். தெற்கே டம்ஃப்ரீஸில் தொடங்கி வடக்கே எல்ஜின் வரை எட்டு ஊர் அணிகளுக்குப் பின்களத்தில் நின்று, வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்பியவன். இன்வர்கெல்டி ஒன்பதாவது ஊர். எட்டு ஊர்களிலும் ஒப்பந்தம் முடிகிற மே மாதம் ஒரே மாதிரிதான் வந்தது. ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்குக் கூப்பிடுவார்கள். இருக்கச் சொன்னவன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான். போகச் சொன்னவன் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துவிட்டுப் போவான். லார்ன் எட்டு முறையும் பையோடு போனவன். அவனாக எந்த அணியையும் விட்டதில்லை. ‘இரு’ என்று அவனிடம் யாரும் சொன்னதும் இல்லை.

ஒவ்வொரு தடவையும் சாமான் கட்டியது மொர்வென். அவன் மனைவி, பள்ளி ஆசிரியை. போகிற ஊரிலெல்லாம் யாராவது பிள்ளை பெற லீவு எடுத்தால் அந்த இடத்தில் நின்று பாடம் நடத்துவாள். பிள்ளைகளின் பெயர்கள் மனதில் பதிவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். எட்டு வயது மகள் ரோனாவுக்கு இது மூன்றாவது பள்ளி. இந்தப் பிப்ரவரியில் மொர்வெனின் சொந்த ஊரான ஸ்ட்ரோம்னஸில், அந்த வடகோடித் தீவில், அவளுக்குத் தலைமை ஆசிரியை வேலை கிடைத்தது. நிரந்தர வேலை, கூடவே கடலைப் பார்த்த வீடு. லார்னுக்கும் படகுத்துறையில் கயிறு பிடிக்கும் வேலை சொல்லி வைத்தாயிற்று.

“பதினாலு வருஷம் உன் பின்னாடி வந்தாச்சு. இந்த ஒரு தடவை நீ என் பின்னாடி வா,” என்றாள்.

வருகிறேன் என்றான். மனதாரத்தான் சொன்னான். கடைசி ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமைக்குப் படகில் மூன்று சீட்டும் எடுத்தார்கள்.

குறுக்கே இருந்தது ஒன்றே ஒன்று. அவன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. இந்த வருடம் இருபத்தைந்து ஆட்டங்களில் களமிறங்கினால் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடம் நீளும். ஒரு நிமிடம் இறங்கினாலும் கணக்கில் சேரும். பிப்ரவரி கடைசியில் இருபத்து நான்கு ஆனதும் கிளப் தலைவர் மேனேஜரைக் கூப்பிட்டு, இந்தக் கிழவனுக்கு இன்னொரு வருடம் சம்பளம் தர முடியாது, இனிமேல் இறக்காதே என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து லார்ன் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில். டிக்கெட் கிழிக்கிறவர் முதல் மைதானத்தில் இறைச்சிப் பலகாரம் விற்கிறவள் வரை ஊருக்கே தெரிந்த கதை அது.

“நீயே ரென்னிகிட்டப் போய், கெளம்புறேன்னு சொல்லிடேன்,” என்று மார்ச் மாதமே சொன்னாள் மொர்வென். ரென்னிதான் மேனேஜர்.

“என்னத்துக்கு? எப்படியும் மே மாசம் அவங்களே அனுப்பிடுவாங்க.”

“அவங்க அனுப்புறது வேற, நீயா வர்றது வேற, லார்ன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். எப்படியும் படகுல ஏறப்போறேன்.”

“இன்னொரு வருஷம்னு வந்து நின்னியானா நானும் ரோனாவும் போயிடுவோம். மிரட்டறேன்னு நெனச்சுக்காத. போயிடுவோம், அவ்வளவுதான்.”

போய்ச் சொல்கிறேன் என்று அவன் நாலைந்து தடவை மேனேஜர் அறை வாசல் வரை போனது உண்மை. கதவைத் தட்டவில்லை. பதினெட்டு வருடம் அடுத்தவர் சொன்ன இடத்தில் போய் நின்றவனுக்கு, நானாகப் போகிறேன் என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. கோழை என்று சொல்லலாம்தான். உடைந்த கால்விரலோடு தொண்ணூறு நிமிடம் ஆடியவனைக் கோழை என்று சொல்வதற்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். இன்வர்கெல்டி மேல் பிரிவுக்கு ஏறவும் போவதில்லை, கீழ்ப் பிரிவுக்கு இறங்கவும் போவதில்லை. வந்திருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் வீட்டில் வேறு வேலை இல்லாமல் வந்தவர்கள். கடலிலிருந்து மூடுபனி ஏறி எதிர்க் கோல் கம்பத்தைப் பாதி மறைத்திருந்தது. மொர்வென் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ரோனாவோடு எதிர்ப்பக்கத் தடுப்புக் கம்பியருகே நின்றாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவளேதான் வந்தாள்.

பெஞ்சில் லார்னுக்குப் பக்கத்தில் மாற்றுக் கோல்கீப்பர் ஆர்ச்சி. அவனும் வருடம் முழுக்க உட்கார்ந்தே தேய்த்தவன்.

“பெருசு, உன் ஜாக்கெட்டுக்குள்ள கோழி அடைகாக்குதா? பத்து வாரமா கழட்டவே இல்லையே.”

“வாயை மூடிட்டு மேட்ச்சைப் பாரு.”

“மேட்ச்சா? அது எங்க நடக்குது?”

லார்ன் சிரித்தான். மனசு லேசாக இருந்தது. இன்னும் பத்து நிமிடம் போனால் போதும்.

எண்பத்தாறாவது நிமிடம், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இன்வர்கெல்டி முன்னால் நிற்கும்போது, ரென்னி திரும்பினார்.

“பெருசு, ஜாக்கெட்டைக் கழட்டு.”

“எதுக்கு, பாஸ்?”

“ம், கடல்ல குளிக்க. உள்ள இறங்கத்தாண்டா.”

“பாஸ், இறங்கினா இருபத்தஞ்சு.”

“எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா?” ரென்னி குனிந்து அவன் காதருகே வந்தார். “என்னையும் இப்படித்தான் பண்ணாங்க. ஒரே ஒரு மேட்ச் பாக்கி. மூணு மாசம் பெஞ்சுல காய வச்சுட்டு, மே மாசம் கையைக் குலுக்கி அனுப்பிட்டாங்க. இன்னைக்கும் அதை நெனச்சா வயிறு எரியுது. அந்த ஆளு மேல இருந்து கத்தட்டும், நான் பாத்துக்கறேன். நீ எனக்கு வேணும். அடுத்த வருஷமும் இரு.”

மேலே தலைவர் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ரென்னி வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சில சமயம் செய்துவைக்கிற வேலை பாவிகளால் முடியாது.

இரு என்று சொல்லிவிட்டார்.

வேண்டாம் பாஸ், திங்கட்கிழமை ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தொடை பிடித்துக்கொண்டது என்று பொய்யாவது சொல்லலாம். லார்ன் இரண்டையும் நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துவிட்டது. எட்டு ஊரிலும் பையைத் தூக்கிக்கொண்டு போன அத்தனை மே மாதங்களும் ஒன்றாகச் சேர்ந்து அவனை முதுகில் கைவைத்து எல்லைக் கோட்டுக்குத் தள்ளின. எதிர்ப்பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

பலகையில் அவன் எண் எரிந்தது. ஒலிபெருக்கி பெயரைச் சொன்னது. விஷயம் புரிந்த முந்நூறு பேரும் அந்த வருடத்திலேயே முதல் தடவையாக ஒரே குரலில் சத்தம் போட்டார்கள். தலைவருக்கு மூக்கறுபட்டது என்ற சந்தோஷம் பாதி, கிழவனுக்கு நல்லது நடந்தது என்ற சந்தோஷம் மீதி. உள்ளே ஓடும்போது பார்த்தேவிட்டான். சிவப்புக் கோட்டைச் சுற்றி ஆட்கள் நின்று மொர்வெனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பலகாரம் விற்கிறவள் அவளைக் கட்டியே பிடித்துவிட்டாள். மொர்வென் எல்லோருக்கும் தலையாட்டினாள். பிறகு அவளும் கைதட்டினாள், வேறு யாருடைய கணவனுக்கோ தட்டுவதுபோல.

பந்து ஒரே ஒரு தடவை அவனிடம் வந்தது. மூடுபனிக்குள்ளிருந்து விழுந்ததை நெற்றியால் முட்டி வெளியே அனுப்பினான். சுத்தமான முட்டு. கூட்டம் மறுபடியும் கத்தியது. அவனுக்கு நெற்றி வலித்தது, வேறு எதுவும் வரவில்லை. கால்பந்தின் மேல் இருந்த ஆசை இரண்டாவது ஊரிலோ மூன்றாவது ஊரிலோ விட்டுப்போயிருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

விசில் ஊதியதும் தடுப்புக் கம்பியருகே போனான். ரோனா கம்பியில் ஏறி நின்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நல்லா முட்டுன,” என்றாள் மொர்வென்.

“நான் கேக்கல, மொர்வென். அவரா இறக்கிட்டாரு.”

“பாத்தேன். ஜிப்பை யாரு இழுத்தா, அவரா?”

அவன் ரோனாவைக் கம்பியிலிருந்து இறக்கிவிட்டான்.

“ஒப்பந்தம்ங்கறது வெறும் காகிதம். இப்ப உள்ள போய், வேண்டாம், கிழிச்சுடுங்கன்னு சொல்லு. உங்க தலைவர் உன்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுப்பாரு. ஒருத்தரும் உன்னைப் பிடிச்சு வைக்கல, லார்ன்.”

“சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்.”

“சரி. நாங்க கார்ல இருக்கோம்.” கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். “சொல்லிட்டு வந்தா மூணு பேரும் சாமான் கட்டுவோம். சொல்லலைன்னா வந்து மூஞ்சியைக் காட்டாத. நீ அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா நானே புரிஞ்சுக்கறேன்.”

ஆடை மாற்றும் அறைச் சுவரில் கடிகாரம் ஐந்தாகப் பத்து நிமிடம் என்று காட்டியது. பெஞ்சுகளில் ஈரச் சட்டைகள் குவிந்து கிடந்தன. அவன் உள்ளே நுழைந்ததும் பையன்கள் பூட்ஸால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஆர்ச்சி அவன் கையைத் தூக்கிப் பிடித்து, குத்துச்சண்டையில் ஜெயித்தவனைப்போல ஒரு சுற்று இழுத்து வந்தான். யாரோ பீர் பாட்டிலைத் திறந்து கையில் திணித்தார்கள். எத்தனையோ அறைகளில் இந்தச் சத்தம் அடுத்தவனுக்காகக் கேட்டிருக்கிறது. அவனும் கூடச் சேர்ந்து தட்டியிருக்கிறான். அவனுக்காக ஒருவரும் தட்டியதில்லை.

நடுவில் ரென்னி நின்றிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“பாஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான் லார்ன்.

“நன்றி கின்றின்னு ஆரம்பிச்சியானா வெளிய தள்ளிடுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அதில்ல, பாஸ்.”

“அப்புறம் என்ன? சொல்லு.”

சத்தம் அடங்கியது. பதினாறு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். கடிகாரத்தில் ஐந்தாக மூன்று நிமிடம். வெளியே சிவப்புக் கோட்டுக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரோனா பின்சீட்டில் அவனுக்கு இடம் ஒதுக்கி வைத்திருப்பாள். வார்த்தைகள் வரிசையாக, சரியாக, அவன் நாக்கின் மேலேயே இருந்தன.

ரென்னி அவன் தோளில் கைபோட்டார். “ஜூன் இருபத்தாறு, காலைல பத்து மணிக்குப் பயிற்சி ஆரம்பம். இந்தச் சோம்பேறிப் பசங்க ஒருத்தனும் நேரத்துக்கு வர மாட்டான். நீ வந்துடுவியில்ல, பெருசு?”

“வந்துடறேன், பாஸ்,” என்றான் லார்ன்.